மகளீரா, மகளிரா? மார்ச் 8-இன் பெயர்க் கதை

மார்ச் முதல் வாரம் வந்தால் எங்கள் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் ஏறிவிடும். ரோஜா நிறப் பின்னணி, ஓரத்தில் வரிசையாகப் பிரமுகர்களின் முகங்கள் (முக்கால்வாசி மீசை வைத்தவை), மேலே கொட்டை எழுத்தில் ‘மகளீர் தின நல்வாழ்த்துக்கள்’. ‘க்’ வருமா வராதா என்ற சண்டையை விட்டுவிடுவோம், அது தீராத வழக்கு. ‘ளீ’தான் என் கண்ணில் குத்துவது. எழுத வேண்டியது மகளிர், குறில்.

பிழைதான். ஆனால் இந்தப் பிழைக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘மகளீர்’ என்ற சொல் தமிழில் இல்லாமல் இல்லை. பெயர்ச்சொல் விளியாகும்போது, அதாவது கூப்பிடும் வடிவம் ஆகும்போது, ஈற்றுக்கு முன்னால் உள்ள குறில் சிலவற்றில் நீளும். பெண்டிர் என்பது ‘பெண்டீர்!’ ஆகும். மகளிர் என்பது ‘மகளீர்!’ ஆகும். ஆக, அந்தப் பேனர் சொல்வது: “ஓ பெண்களே, தின நல்வாழ்த்துகள்!” எந்தத் தினத்துக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

சரி, மகளிர் யார்? மகள் என்ற சொல்லோடு ‘இர்’ என்ற பன்மை விகுதி சேர்ந்தது மகளிர். இன்றைக்கு மகள் என்றால் நாம் பெற்ற பெண். பழந்தமிழில் அதற்குப் பெண் என்ற பொதுப்பொருளும் உண்டு. இரண்டு பொருளும் அடுத்தடுத்தே புழங்கியிருக்கின்றன. புறநானூற்றில் ‘அற்றைத் திங்கள்’ பாட்டைப் பாடிய பாரி மகளிர் பாரியின் புதல்விகள். குறளின் 92ஆவது அதிகாரமான ‘வரைவின் மகளி’ரில் வருபவர்கள் யாருடைய புதல்விகள் என்பது பேச்சே இல்லை, அங்கே மகளிர் என்றால் பெண்கள், அவ்வளவுதான். ஐங்குறுநூற்றில் ஒரு பாண்மகள் (பாணர் குடிப் பெண்) வருகிறாள். கூடையில் இருந்த சில மீன்களைக் கொட்டிவிட்டு நிறைய நெல்லை வாங்கிக்கொண்டு போகிறாள். யார் மகள் என்பதைவிட என்ன வியாபாரம் செய்தாள் என்பதுதான் அங்கே கண்ணில் நிற்கிறது. இந்த மீன்காரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர் ‘மக’. மக என்றால் குழந்தை. மகவு, மகன், மகள், மக்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. குறள் ‘தம்மக்கள்’ என்று சொல்லும்போது பெற்ற பிள்ளைகளைச் சொல்கிறது. நாமோ மக்கள் என்றால் ஓட்டுப் போடுகிறவர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். பேச்சுத் தமிழ் வேறு வழியில் போய் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெண்பிள்ளை தேய்ந்து பொம்பளை, ஆண்பிள்ளை தேய்ந்து ஆம்பளை. எழுத்தில் மக, பேச்சில் பிள்ளை. இரண்டுமே குழந்தையைக் குறித்துவிட்டு வளர்ந்தவர்களுக்கு வந்த பெயர்கள்.

ஆனால் வீட்டில் யாரும் ‘மகளிர்’ என்று பேசுவதில்லை. அது பலகைச் சொல். மகளிர் காவல் நிலையம், மகளிர் சுய உதவிக் குழு, மகளிர் உரிமைத் தொகை, இலங்கையில் மகளிர் மற்றும் சிறுவர் அலுவல்கள் அமைச்சு. பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று கேட்கும் பக்கத்து வீட்டு அக்கா, “மகளிர் வந்துடுச்சா?” என்கிறார். தொகையின் பெயர் தேய்ந்து மகளிர் என்றாலே ஆயிரம் ரூபாய் என்று ஆகிவிட்டது.

மகளிருக்கு ஒரு போட்டிச் சொல் இருந்தது, மாதர். தொல்காப்பிய உரியியல் ‘மாதர் காதல்’ என்கிறது. அன்றைக்கு அது ஆளையே குறிக்கவில்லை, ஓர் உணர்ச்சியைக் குறித்தது. பிறகுதான் பெண்ணுக்குப் பெயரானது. 1917இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய அமைப்பைத் தமிழில் இந்திய மாதர் சங்கம் என்கிறோம். அவர்கள் நடத்திய இதழின் பெயரோ ஸ்திரீ தர்மம். மாதரும் ஸ்திரீயும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஸ்திரீ போய்விட்டாள். மாதர், சங்கங்களின் பெயரில் மட்டும் மிச்சம். அரசாங்கம் கையில் எடுத்துக்கொண்ட மகளிர்தான் நிலைத்தது.

அடுத்து ‘தினம்’. இது வடசொல், தமிழில் நாள். பழைய இலக்கியத்தில் நாள் என்பது பகல் (பகலில் கூடும் சந்தை நாளங்காடி, இரவில் கூடுவது அல்லங்காடி), விண்மீனும்கூட (‘நாளும் கோளும்’). ‘சர்வதேச’வும் வடசொல்தான். அதற்கு மாற்றாக ‘உலக’ என்று போடுகிறார்கள், ‘அனைத்துலக’ என்று போடுகிறார்கள், ‘பன்னாட்டு’ என்றும் போடுகிறார்கள். என் ஓட்டு பன்னாட்டுக்கு. இந்த நாளைக் கேட்டவர்கள் உலகம் முழுவதையும் மொத்தமாக நினைத்துக் கேட்கவில்லை. ஒரு நாட்டுத் தொழிலாளி இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் கையைப் பிடிப்பது என்ற பொருளில்தான் கேட்டார்கள். பல நாடு என்பது அதற்கு நெருக்கம்.

அந்தக் கதை இப்படி. 1909 பிப்ரவரி 28இல் அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி ஒரு பெண்கள் நாளை நடத்தியது. 1910இல் கோபன்ஹேகனில் 17 நாடுகளிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் கூடிய மாநாட்டில், ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா நாட்டிலும் வேண்டும் என்று ஜெர்மன் சோஷலிஸ்ட் கிளாரா ஜெட்கினும் தோழியரும் முன்மொழிந்தார்கள். தேதி குறிக்கவில்லை. 1911இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்தில் முதன்முறை நடந்தபோது அது மார்ச் 19. 1917இல் ரஷ்யாவின் பெத்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கியது அவர்களுடைய பழைய நாள்காட்டியில் பிப்ரவரி 23. நம் நாள்காட்டியில் மார்ச் 8. தேதி அங்கிருந்து வந்தது. ஐ.நா. இதைக் கையில் எடுத்தது 1975இல்தான். 1857இல் நியூயார்க் நெசவுப் பெண்கள் போராடியதன் நினைவு என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கு ஆதாரம் கிடையாது. பிற்காலத்தில் ஒட்டவைத்த கதை.

அப்போது பல இடங்களில் இந்த நாளின் பெயரில் ‘உழைக்கும்’ என்ற அடைமொழி இருந்தது. இன்றும் இடதுசாரிகளின் சுவரொட்டியில் ‘உழைக்கும் பெண்கள் தினம்’ என்று பார்க்கலாம். மற்ற இடத்தில் அது உதிர்ந்துவிட்டது. தினமா நாளா என்று மல்லுக்கட்டுகிற நாம், அந்த ஒரு சொல் காணாமல் போனதற்கு ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. ஐங்குறுநூற்று மீன்காரி கேட்டால் சிரிப்பாள்.

மற்ற ஊர்களில் பெயர் என்னவெல்லாம் ஆகியிருக்கிறது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். ரஷ்யாவில் பேச்சில் வெறும் ‘எட்டாம் மார்ச்’தான். 1966இலிருந்து விடுமுறை, ஆண்கள் டூலிப் வாங்க வரிசையில் நிற்கும் நாள். இத்தாலியில் ‘பெண்ணின் திருநாள்’, ஒருமையில். 1946இலிருந்து அங்கே மிமோசா என்ற மஞ்சள் பூங்கொத்து கொடுக்கிறார்கள். போர் முடிந்து கையில் காசில்லாத காலத்தில், மார்ச் தொடக்கத்தில் பூக்கிற மலிவான பூ எது என்று தேடி தெரேசா மத்தேயி முதலான பெண் தலைவர்கள் பிடித்தது அது. பூர்வீகம் ஆஸ்திரேலியா. அந்த மரம் நமக்கும் அந்நியமில்லை. நீலகிரியில் சீகை என்றும் வாட்டில் என்றும் சொல்கிறார்களே, அந்த இனம்தான். புல்வெளியை விழுங்குகிறது என்று வெட்டிக்கொண்டிருக்கிறோம். அங்கே கொத்தாகக் கட்டி விற்பது இங்கே களை.

சீனாவில் பெண்கள் நாளுக்குரிய அதிகாரபூர்வச் சொல் ‘ஃபூ-நுயு’. முதல் பாதியின் பழைய எழுத்து வடிவத்தில் பெண்ணும் பக்கத்தில் ஒரு துடைப்பமும் இருக்கும். பெண் ஊழியர்களுக்கு அரைநாள் விடுப்பு உண்டு, ஆனால் இளம்பெண்களுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. கல்யாணமாகி வயதானவர் என்ற தொனி அதில் இருக்கிறதாம். கல்லூரிகளில் முந்தின நாளான மார்ச் 7ஐ ‘மாணவிகள் நாள்’ என்று வைத்துக்கொண்டார்கள். இணையக் கடைகள் ‘தேவியர் நாள்’, ‘அரசியர் நாள்’ என்று பெயர் மாற்றித் தள்ளுபடி விற்கின்றன. நம் ஊர் நகைக்கடை விளம்பரத்துக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம்.

ஐஸ்லாந்தில் பிப்ரவரியில் ‘கோனு-தாகுர்’ என்று ஒரு பழைய நாள். கோனா என்றால் பெண், மனைவியும்கூட; நாம் ‘பெண்டு பிள்ளைகள்’ என்று சொல்லும்போது பெண்டு மனைவியாகிற மாதிரி. அன்று மனைவிக்குப் பூ. அதே ஊரில் 1975 அக்டோபர் 24இல் பத்தில் ஒன்பது பெண்கள் ஆபீஸ் வேலையையும் அடுப்படியையும் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தம் என்று சொன்னால் பலர் தயங்குவார்கள் என்று ‘பெண்கள் விடுப்பு நாள்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு சொல்லை மாற்றியதில் கூட்டம் பெருகியது. ஐந்தாண்டு கழித்து அந்த நாடு விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் என்ற பெண்ணை அதிபராகத் தேர்ந்தெடுத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது தென்னாப்பிரிக்கா. அங்கே பெண்கள் நாள் ஆகஸ்ட் 9. 1956இல் அந்த நாளில் சுமார் 20,000 பெண்கள், கறுப்பினப் பெண்களும் அடையாளப் பாஸ் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, பிரிட்டோரியாவின் அரசு மாளிகைக்கு நடந்தார்கள். மனுக்கட்டுகளை வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசாமல் நின்றார்கள். பிறகு பாடினார்கள்: பெண்களைத் தொட்டாய், ‘இம்போகோடோ’வைத் தொட்டாய். ஆங்கிலம் வழியாக நமக்கு இது ‘பாறையைத் தொட்டாய்’ என்று வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் இம்போகோடோ மலைப்பாறை இல்லை. தானியம் அரைக்கக் கையில் பிடிக்கிற கல். நமக்கு அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: குழவி. தினமும் கையில் பட்டு வழுவழுப்பாகி, காலில் விழுந்தால் எலும்பை உடைக்கிற கல். குழவிக்குத் தமிழில் குழந்தை என்றும் பொருள், மக என்பதைப் போலவே.

எனவே எழுதுகிறவர்களுக்கு: ‘பன்னாட்டு மகளிர் நாள்’ என்பது நல்ல தமிழ். ‘பெண்கள் நாள்’ என்றாலும் குறையில்லை, பேச்சுக்கு இன்னும் பக்கம். ‘சர்வதேச மகளிர் தினம்’ என்று அச்சடித்துவிட்டால் கிழிக்க வேண்டாம், எல்லாருக்கும் புரியும். இடம் இருந்தால் முன்னால் ‘உழைக்கும்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ளி’ குறில்தான். மேடையேறி மைக்கைப் பிடித்துக் கூப்பிடும்போது மட்டும் நீட்டிக்கொள்ளலாம்.