மே 2, 1893: கண்ணாடி இன்சுலேட்டரில் ஒரு தேதி

அமெரிக்காவின் பழம்பொருள் சந்தைகளில் கையடக்கமான ஒரு கண்ணாடிப் பொருள் அடிக்கடி கண்ணில் படும். கவிழ்த்து வைத்த தடித்த கோப்பை போலிருக்கும். நிறம், கடல்நீரை உறைய வைத்தது போன்ற பச்சை கலந்த நீலம். நம் ஊர் மின்கம்பங்களில் பீங்கானில் பார்த்துப் பழகிய அதே இன்சுலேட்டர்தான். அங்கே தந்திக்கும் தொலைபேசிக்கும் கோடிக்கணக்கில் கண்ணாடியில் வார்த்தார்கள். அதைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் "மே 2, 1893" என்ற ஆங்கிலப் புடைப்பு எழுத்து தெரியும். உடனே, 130 ஆண்டுப் பழமை, பெரும் விலை போகும் என்று மனம் கணக்குப் போட்டுவிடும்.

இரண்டு கணக்கும் தப்பு. அது அந்தக் கண்ணாடி வார்க்கப்பட்ட நாள் அல்ல, காப்புரிமை வழங்கப்பட்ட நாள். அதை வார்த்த ஹெமிங்ரே என்ற அமெரிக்கக் கண்ணாடி நிறுவனம் அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே தேதியை அச்சில் பொறித்துக்கொண்டே இருந்தது. எதற்கான காப்புரிமை என்பதை அதே கண்ணாடியின் அடிவிளிம்பில் விரலால் தடவிப் பார்த்தே அறியலாம். வரிசையாகச் சின்னச் சின்ன முனைகள் தட்டுப்படும். அந்த முனைகளுக்குத்தான் காப்புரிமை.

அவை எதற்கு என்று புரிய வேண்டுமானால் தந்தியின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். 1843-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் குழுவினர் முதலில் கம்பியை ஈயக் குழாயில் மண்ணுக்கடியில் புதைத்தார்கள். உறை சரியில்லாமல் மின்சாரம் கசிந்தது. பிறகு கம்பங்களை நட்டுக் கம்பியைக் காற்றில் தொங்கவிட்டார்கள். காற்றுக்கு விலை இல்லை, மின்சாரத்தையும் கடத்தாது. ஆபத்து, கம்பி கம்பத்தைத் தொடும் இடங்களில் மட்டும்தான். அந்த இடத்தைக் காப்பதுதான் கண்ணாடியின் வேலை.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதன் மேல் படியும் ஈரம் கடத்தும். மழையிலும் பனியிலும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று கம்பியிலிருந்து வெளிப்புறமாக இறங்கி, விளிம்பைச் சுற்றி, உட்புறம் ஏறி, நடுவே இன்சுலேட்டரைத் தாங்கி நிற்கும் மரமுளை வரை ஒரு பாதை போட்டுவிடும். ஒரு கம்பத்தில் கசிவது அற்பம்தான். ஆனால் மைலுக்கு 40 கம்பம் என்றால் 100 மைலில் 4,000 கம்பங்கள். ஈரமான இன்சுலேட்டர் ஒவ்வொன்றின் மின்தடை 4 கோடி ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 4,000 கசிவுகள் பக்க இணைப்பில் சேரும்போது மொத்தத் தடை வெறும் 10,000 ஓம். மழை நாளில் தந்தி ஒலி மங்கிப்போனதற்கு இந்தக் கூட்டல்தான் காரணம்.

ஆகவே வடிவமைப்பாளர்கள் இரண்டு வழிகளில் ஈரத்தோடு மல்லுக்கு நின்றார்கள். ஒன்று, பாதையை நீட்டுவது. கோப்பையின் வெளிச்சுவரான வெளிப்பாவாடைக்குள் இன்னொரு சுவராக ஓர் உள்பாவாடை வைத்தார்கள். அதன் இடுக்கில் மழை எளிதில் நுழையாது. மற்றொன்று, பாதையை அறுப்பது. விளிம்பில் பரவிக் கிடக்கும் நீரை ஒவ்வொரு முனையின் நுனியும் துளியாகத் திரட்டிக் கீழே சொட்ட வைக்கும் என்பதே 1893-ஆம் ஆண்டின் யோசனை. முதலில் வந்த முனைகள் கூர்மையானவை, பின்னர் வந்தவை உருண்டையானவை. கூர் நுனி எளிதில் உடையும்.

வயதைக் கணிக்க எழுத்தை விட நம்பகமான இடம் உட்புறத் துளை. உள்ளே திருகு மரை இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அது பெரும்பாலும் தொடக்க காலத்தது. அவற்றை முளையின் மேல் வெறுமனே செருகி வைத்தார்கள். கம்பியின் இழுப்பிலும் காற்றிலும் கழன்று வந்தன. லூயி கோவே என்ற தச்சர், உள்ளே மரை வைத்துத் திருகிப் பொருத்தும் முறைக்கு 1865 ஜூலை 25 அன்று காப்புரிமை பெற்றார். மரத்தோடு பழகிய ஒருவருக்குத் தோன்றிய தீர்வு இது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அதற்குப் பிறகு மரை இல்லாதவை வேகமாக மறைந்தன. இன்று சேகரிப்போர் தேடி அலைவது அவற்றைத்தான்.

ஹெமிங்ரேயின் பிற்காலப் பொருள்களில் உண்மையான தேதியும் உண்டு. "25-45" என்று எண்கள் இருந்து, பக்கத்தில் நான்கு புள்ளிகள் இருந்தால், 25 அச்சின் எண், 45 என்பது 1945. அச்சைத் தொடர்ந்து பயன்படுத்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி வெட்டிச் சேர்த்தார்கள். ஆக, அது 1949-இல் வார்த்தது.

வடிவத்தை அடையாளம் காண சேகரிப்பாளர் என். ஆர். வுட்வர்ட் வகுத்த சி.டி. (கன்சாலிடேட்டட் டிசைன்) எண்களைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். நிறமோ எழுத்தோ எதுவாக இருந்தாலும் ஒரே உருவத்துக்கு ஒரே எண். மிகப் பரவலாகக் கிடைக்கும் ஹெமிங்ரே-42, சி.டி. 154. பச்சை கலந்த நீலத்திலோ நிறமின்றியோ உள்ள ஒன்றை ஓரிரு டாலருக்கு வாங்கிவிடலாம். அரிதான உருவம், அரிதான நிறம், பழுதற்ற விளிம்பு மூன்றும் கூடியவை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. வயது மட்டும் விலையைத் தராது.

நிறத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பச்சை கலந்த நீலம் யாரும் சேர்த்த சாயம் அல்ல. மணலில் கலந்திருந்த துளி இரும்பு தந்தது. அந்தச் சாயலை அடக்கச் சில தொழிற்சாலைகள் மாங்கனீசைக் கலந்தன. புதிதாக வந்தபோது கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது. பிறகு கம்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெயில் காய்ந்தபோது, புற ஊதாக் கதிர் மாங்கனீசு அயனியிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்தது. எலக்ட்ரானை இழந்த மாங்கனீசின் நிறம் ஊதா. கலிஃபோர்னியாவில் 1910-களில் வார்த்த ஊதா இன்சுலேட்டர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. ஒரு தொழிற்சாலை தொடங்கிய நிறத்தைச் சூரியன் முடித்து வைத்திருக்கிறது. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது இந்த ஊதாதான்.

இதையே ஏமாற்றுக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். வெயில் பல ஆண்டுகளில் செய்வதைக் காமா கதிர் வெகு விரைவில் செய்துவிடும். மாங்கனீசு உள்ள மலிவுக் கண்ணாடி அடர் ஊதாவாகும், அது இல்லாதது புகைபடிந்த பழுப்பாகும். சாயம் பூசியதை மரையின் பள்ளங்களிலும் கீறல்களிலும் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பிசின் வைத்து ஒட்டிய விளிம்பு, இருட்டறையில் புற ஊதா விளக்கடியில் சுற்றியுள்ள கண்ணாடியிலிருந்து வேறாக ஒளிரும். கதிர் பாய்ச்சியது இவற்றில் எதிலும் சிக்காது, ஏனென்றால் அதன் நிறம் மேற்பூச்சு அல்ல, கண்ணாடி முழுவதும் ஊறியது. அதற்கு ஒரே வழி, அந்த சி.டி. எண்ணும் எழுத்தும் கொண்டவை எந்தெந்த நிறங்களில் கிடைத்திருக்கின்றன என்று விலைக் கையேட்டில் பார்ப்பது. பட்டியலில் இல்லாத அடர் நிறத்தை யாராவது நீட்டினால், பணத்தை எடுக்கும் முன் நீண்ட நாள் சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும்.