எத்தனை பிரபுக்கள்?

காசிமேட்டில் எங்கள் தெருவில் மூன்று பிரபுக்கள் இருக்கிறார்கள். ஒருவர் மீன் ஏலம் விடுகிறார், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், மூன்றாமவர் ஆறாம் வகுப்பு. சென்ற ஞாயிறு வாசகர் கூட்டத்தில் படித்த மொழிபெயர்ப்புக் கதையிலோ பதினோரு பிரபுக்கள்!

கதை நல்ல கதை. டியூக், அவருக்குக் கீழே கவுன்ட், அதற்கும் கீழே பாரன் என்று ஐரோப்பியப் பட்டங்களோடு மேலும் கீழுமாக வாழ்ந்தவர்களை ஒரு தீவுக் கோட்டையில் அடைத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாளிக் கஞ்சி. ஏற்றத்தாழ்வு மெல்ல மெல்லக் கரைகிறது. தமிழிலோ முதல் பக்கத்திலேயே அத்தனை பேரும் 'பிரபு'. சிறை பாடுபட்டுச் செய்யவேண்டிய வேலையை மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். "பிரபுவின் எதிரில் உட்காரப் பிரபு தயங்கினார்" என்று ஒரு வரி. "இதில் யார் அண்ணே பெரியவர்?" என்று கேட்ட தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை.

பிரபு வடசொல், தலைவன், வல்லவன் என்று பொருள். 'லார்ட்' என்பதற்குப் பொருந்தும். கிளைவ் பாரன், ரிப்பன் டியூக்குக்கு அடுத்த படியான மார்க்விஸ். இருவருமே இங்கிலாந்தில் லார்ட், இங்கே பிரபு. குறையில்லை. ஆனால் டியூக்கை அங்கேயே லார்ட் என்று அழைப்பதில்லை. டியூக்கின் லத்தீன் வேர் படைத்தலைவன், கவுன்டின் வேர் தோழன்.

கூட்டத்துக்கு வந்திருந்த தமிழாசிரியர் டியூக்குக்குக் 'கோமகன்' என்றார். கேட்டதும் இளவரசன் என்றுதானே தோன்றுகிறது? பெருமகன் பெருமான் ஆனதுபோலக் கோமகன் கோமான் ஆயிற்று, இங்கே மகன் பிள்ளை அல்ல, ஆள் என்று விளக்கினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்கும் பிரதி ஒவ்வொன்றோடும் ஐயா கூடவே போவாரா? டியூக் கோமகன் என்றால் டியூக்கின் மகன் யார், கோமகன் மகனா? கவுன்டைக் கோமான் ஆக்கலாம் என்றார். அவர் வாதப்படியே இரண்டும் ஒரே சொல்! பிரபுவில் விழுந்த குழியிலேயே மறுபடியும் விழுகிறோம். 'ஏனாதி' என்றார் இன்னொருவர். மன்னன் மோதிரம் அணிவித்துப் படைத்தலைவனுக்குத் தந்த பழைய பட்டம். டியூக்கின் வேரோடு அழகாக ஒட்டுகிறது. ஐரோப்பியக் கோட்டைக்குள் மட்டும் ஒட்டவில்லை.

டியூக்கை டியூக் என்றே எழுதுங்கள். நவாப்பையும் ஜமீன்தாரையும் வெள்ளைக்காரர் மொழிபெயர்த்தா எழுதினார்கள்? மொத்தக் கூட்டத்தையும் சொல்லப் பிரபுக்கள் போதும். பாரனை மட்டும் 'பேரன்' என்று எழுதாதீர்கள். தாத்தாவைத் தேடவேண்டி வரும்.

இன்னொன்று. சமத்துவம் தமிழில் பட்டத்தைவிட 'நீ', 'நீங்கள்' இரண்டிலும்தான் தெரியும். கதையின் கடைசிப் பக்கத்தில் பாரனும் டியூக்கும் ஒரே கிண்ணத்தில் குடிக்கிறார்கள். அங்கேயும் பாரன் "நீங்கள் முதலில் குடியுங்கள், பிரபுவே" என்கிறார்.