பிணத்தின் நாசியில் நெக்டார்

டிராய்ப் போரில் பட்ரோக்ளஸ் மாண்டுவிட்டான். பழிவாங்கப் புறப்படும் அக்கிலீஸுக்கு ஒரு கவலை: நண்பனின் காயங்களில் ஈ மொய்த்து, புழு வைத்து, உடல் அழுகிவிடுமே! அவன் தாய் தெட்டிஸ் கடல்தேவதை. ஓராண்டு கிடந்தாலும் இந்த உடல் கெடாது என்று மகனைத் தேற்றிவிட்டு, தேவர்களின் உணவான அம்புரோசியாவையும் அவர்களின் பானமான செந்நிற நெக்டாரையும் பிணத்தின் நாசி வழியே துளித்துளியாகச் செலுத்துகிறாள். கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காவியத்தில், 19ஆம் காண்டத்தில் வருகிறது இந்தக் காட்சி.

ஒலிம்பஸ் தேவர்கள் விருந்தில் அருந்தும் பானம் இங்கே அழுகலைத் தடுக்கும் மருந்தாகிவிடுகிறது. இன்றைய மிகுபுனைவுக் கதைகளில் நெக்டார் காயம் ஆற்றுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தெட்டிஸின் கைதான் நினைவுக்கு வரும். பெயரிலேயே அந்த ஆசை இருக்கிறது. சாவைக் குறிக்கும் 'நெக்', தாண்டுதலைக் குறிக்கும் 'தர்' என்ற இரு வேர்கள் சேர்ந்ததே நெக்டார் என்று மொழியியலார் பலர் கருதுகிறார்கள். அம்புரோசியாவின் பொருள் இறவாமை. நாம் சொல்லும் அமிர்தத்தின் மூலமான வடசொல்லும் அதே வேரிலிருந்து வந்தது.

நெக்டாரும் அம்புரோசியாவும் தேனின் வடிவங்களே என்று ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ரோஷர் 1883இல் ஒரு நூலே எழுதினார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனால் அழுகலைத் தடுக்கும் இனிய பானம் ஒன்றைக் கிரேக்கர்கள் கண்ணால் கண்டிருந்தால், அது தேனாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். கி.மு. 380இல் படையெடுப்பின்போது காய்ச்சலில் இறந்த ஸ்பார்ட்டா மன்னன் அகெசிபோலிஸின் உடலைத் தேனில் இட்டுத்தான் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

பூவில் சுரக்கும் இனிப்பு நீருக்கு இன்று நெக்டார் என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டில் கார்ல் லின்னேயஸ் அதைச் சுரக்கும் உறுப்புக்கு 'நெக்டேரியம்' என்று பெயரிட்டார். ஆனால் பூவின் நெக்டாருக்குச் சாவைத் தாண்டும் வலிமை கிடையாது. பெரும்பாலான பூக்களில் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். எடுத்து வைத்தால் சீக்கிரமே நொதித்துவிடும். அதைக் கெடாத பொருளாக மாற்றுவது தேனீ.

உறிஞ்சிய நெக்டாரைத் தேனீ தன் தேன்பையில் சுமந்துவந்து கூட்டிலுள்ள தேனீக்களிடம் கொடுக்கிறது. அவை அதை வாயால் வெளியேற்றி, மீண்டும் உறிஞ்சி, மெல்லிய படலமாகப் பரப்பிப் பரப்பி உலர்த்துகின்றன. அறைகளில் நிரப்பிய பிறகு, கூடு முழுவதும் சிறகால் விசிறுகிறது. தண்ணீர் 18 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்ததும் மெழுகால் மூடிவிடுகின்றன. இவ்வளவு அடர்ந்த சர்க்கரையில் விழும் பாக்டீரியாவின் உடல்நீரைச் சவ்வூடு பரவல் வெளியே இழுத்துவிடும். அது வளர வழியே இல்லை.

தேனீயின் சுரப்பிகளிலிருந்து இரண்டு நொதிகளும் சேர்கின்றன. ஒன்று சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற மற்றொன்று குளுக்கோஸில் ஒரு பகுதியை அமிலமாக மாற்றுகிறது. நாவுக்கு இனிப்பாக இருந்தாலும் தேனின் அமிலத்தன்மை பி.எச். 4ஐ ஒட்டியது. அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடும் பிறக்கிறது. புண்ணைக் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே பொருள்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது அந்த நொதி வேலைசெய்யும் நேரம்தான். முதிர்ந்த தேனில் அது ஏறக்குறைய உறங்கிக்கிடக்கும். தேனில் நீர் கலந்ததும் விழித்துக்கொள்ளும். ஈரமான புண்ணில் தடவினால், புண்ணின் நீரே தேனை இளக்கி, பெராக்சைடைச் சிறுகச் சிறுக ஊறவைக்கிறது. கதிர்வீச்சால் தூய்மையாக்கிய தேனை இன்று மருத்துவமனைகளிலும் காயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் தேன் எல்லாவற்றையும் கொல்லாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதில் வளர்வதில்லை, சாவதுமில்லை, காத்துக்கிடக்கின்றன. நமக்கு அவற்றால் கெடுதல் இல்லை. பச்சைக் குழந்தையின் குடலிலோ அவை முளைத்து, தசைகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடும். ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு சேனை வைக்கும் வழக்கத்தையும் அதற்காகவே கைவிடச் சொல்கிறார்கள்.