கர்ப்பப்பைக்குள் 10 மில்லி உப்புத் தண்ணீர்

“வயது 44. மூன்று மாதமாக பீரியட்ஸ் பன்னிரண்டு நாள் வரை நீள்கிறது. ஸ்கேனில் எண்டோமெட்ரியம் 14 மி.மீ. என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் பயாப்ஸி (திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்கிறார், இன்னொருவர் டி அண்ட் சி (கர்ப்பப்பையின் உள்சவ்வைச் சுரண்டி எடுப்பது) என்கிறார். சொந்தக்காரர்களோ கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். எந்த டெஸ்ட் சரி?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் செய்யவேண்டியவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். கர்ப்பம் இல்லை என்று சிறுநீர்ப் பரிசோதனையில் உறுதி செய்வது, ஹீமோகுளோபின், தைராய்டு, ரத்தம் வருவது கர்ப்பப்பை வாயிலிருந்தா என்று நேரில் பார்ப்பது. காப்பர்-டி இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் அதைச் சொல்லிவிட வேண்டும். வயதுக்கு வந்ததிலிருந்தே பெரும்போக்கு என்றால் ரத்த உறைவுக் குறைபாட்டையும் தேட வேண்டும்.

அந்த 14 மி.மீ.க்கு வருவோம். எண்டோமெட்ரியம் என்பது கர்ப்பப்பையின் உள்சவ்வு. மாதவிடாய் முடிந்த கையோடு அளந்தால் சுமார் 4 மி.மீ. இருக்கும், அடுத்த மாதவிடாய் நெருங்கும்போது 16 மி.மீ. வரைகூட வளரும். எனவே ஸ்கேன் எடுத்தது எத்தனையாவது நாளில் என்று தெரியாமல் 14-ஐப் படிப்பதில் அர்த்தமில்லை. ‘4 மி.மீ.க்குள் இருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு’ என்ற கணக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றபின் ரத்தம் பட்டவர்களுக்கானது. 44 வயதுக்காரரை அதை வைத்துப் பயமுறுத்துவது தவறு.

சாதாரண வஜைனல் ஸ்கேனுக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. கர்ப்பப்பைக்குள் ‘அறை’ இருப்பதாகப் படம் போடுகிறோம். உண்மையில் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே கிடக்கின்றன, மளிகைக்கடையில் புதிதாகக் கிழித்துத் தரும் பாலித்தீன் கவர் மாதிரி. ஸ்கேன் அளப்பது இரண்டு சவ்வையும் சேர்த்துத்தான். ஒலி அலை எதிரொலிப்பது, தன்மை மாறும் எல்லைகளில். பாலிப் என்னும் சதைவளர்ச்சி அதே சவ்வுத் திசுவால் ஆனது, அதனால் எளிதில் தனித்துத் தெரியாது. தேங்காய்ச் சட்னிக்குள் கிடக்கும் தேங்காய்த் துண்டைக் கண்ணால் தேடுவதுபோலத்தான்.

கவரை எப்படித் திறப்பது? இங்கேதான் சலைன். மெல்லிய குழாயைக் கர்ப்பப்பை வாய்வழியே உள்ளே விட்டு, கிருமி நீக்கிய உப்புநீர் 5 முதல் 10 மில்லி மெதுவாகச் செலுத்திக்கொண்டே ஸ்கேன் பார்க்கிறார்கள். தண்ணீருக்குள் எதிரொலிக்க எதுவும் இல்லாததால் திரையில் அது கருப்பு. சுவர்கள் விலகுகின்றன, நடுவே காம்போடு தொங்கும் பாலிப் வெள்ளையாகத் தனித்து நிற்கிறது. 14 மி.மீ. தடித்த சவ்வு என்று எழுதப்பட்டது, இப்போது 2 மி.மீ. சவ்வு, 10 மி.மீ. பாலிப், மறுபடி 2 மி.மீ. சவ்வு என்று பிரிகிறது! ஃபைப்ராய்டு கட்டி என்றால் பாதிக்கு மேல் உள்ளறைக்குள் நீட்டுகிறதா, சுவருக்குள் புதைந்திருக்கிறதா என்பதும் தெரியும். வயிற்றைத் திறக்காமல் உள்வழியே எடுக்க முடியுமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. விலை மலிவான உப்புநீர் செய்யும் இந்த வேலைக்கு ஈடாக எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

தவறுகளும் இங்கேதான் நடக்கும். குழாயிலுள்ள காற்றை முன்கூட்டியே சலைனால் வெளியேற்றாவிட்டால் குமிழிகள் வெள்ளையாகத் தெரிந்து படத்தைக் கெடுக்கும். ரத்தக்கட்டி பாலிப் வேஷம் போடும். குழாய் நுனியால் தட்டினால் ரத்தக்கட்டி நகரும், பாலிப் காம்பில் ஆடும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் காம்புக்குள் ரத்தக்குழாய் தெரிந்தால் பாலிப்புக்கான சந்தேகம் வலுக்கும். குழாய் நழுவாமலிருக்க ஊதும் பலூன் கீழ்ப்பகுதியை மறைக்கும் என்பதால், கடைசியில் அதைச் சுருக்கிவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். நாள் முக்கியம்: ரத்தம் நின்றபின், பத்தாம் நாளுக்குள். தாமதித்தால் தடித்த சவ்வின் மடிப்புகளே பாலிப் போலத் தெரியும். இடுப்புக்குழித் தொற்று இருந்தால் செய்யவே கூடாது.

ஆனால் சலைன் ஸ்கேன் காட்டுவது வடிவம் மட்டுமே; செல் நல்லதா கெட்டதா என்று சொல்லாது. அதற்குத்தான் பிப்பெல் பயாப்ஸி. சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாய், நுனிக்கருகே பக்கவாட்டில் ஓட்டை, உள்ளே ஒரு தண்டு. தண்டை இழுத்தால் ஊசிமருந்து சிரிஞ்சில் போல வெற்றிடம். குழாயைச் சுழற்றி முன்னும் பின்னும் நகர்த்தச் சவ்வுத் துணுக்குகள் உள்ளே ஏறும். மயக்கமருந்து வேண்டாம், ஓரிரு நிமிடம் பீரியட்ஸ் வலிபோலப் பிடிக்கும். பரவிக்கிடக்கும் புற்றுநோயை நன்றாகப் பிடிக்கும். ஒரே இடத்தில் ஒதுங்கிய பாலிப்பைத் தவறவிடும், ஏனெனில் ஓர் ஆய்வில் இது தொட்ட பரப்பு சுமார் 4 சதவீதமே.

அப்படியானால் டி அண்ட் சி முழுவதையும் சுரண்டிவிடுமா? அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு துடைப்பதுதான். 1975-இல் வெளியான ஆய்வில் 60 சதவீதம் பேருக்கு உள்ளறையில் பாதிகூடச் சுரண்டப்படவில்லை. பெரும்பாலும் மயக்கமும் கொடுத்துச் செய்வதால், கண்டறிவதற்கு மட்டும் இதை முதலில் கையிலெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஹிஸ்டரோஸ்கோபி நேரடியாகக் கேமராவில் பார்த்து அந்த இடத்திலேயே வெட்டியெடுக்கும். கருவியும் பழகிய கையும் வேண்டும், செலவும் கூடுதல்.

ஆகவே இந்த வாசகிக்கு: அடுத்த பீரியட்ஸ் முடிந்ததும் சலைன் ஸ்கேன், பின்பு பிப்பெல். முதலில் பயாப்ஸி எடுத்தால் அதன் ரத்தக்கட்டிகள் படத்தைக் குழப்பும். 45 வயதைத் தாண்டினால் பயாப்ஸி கட்டாயம் என்பது வழக்கம். 44-க்கும் 45-க்கும் நடுவில் மாயக்கோடு ஏதுமில்லை. உடல்பருமன், பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் இன்னும் இளவயதிலேயே தேவைப்படும். ‘நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்’, ‘உடம்புச் சூடு’ என்று தள்ளிப்போடுவது எவ்வளவு தவறோ, எதையும் கண்டறியாமல் கர்ப்பப்பையை எடுப்பதும் அவ்வளவு தவறு. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். ‘மாதிரி போதவில்லை’ என்று இருந்தால் ‘புற்றுநோய் இல்லை’ என்று அர்த்தமில்லை. ரத்தம் தொடர்ந்தால், அடுத்த படி ஹிஸ்டரோஸ்கோபி.