ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்: சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைகளின் வீட்டாருக்கு

ஜனவரியில் மெட்ரிக், அதாவது தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வின் ரிசல்ட் வரும் வாரத்தில் டர்பனில் உள்ள என் அலுவலகத்துக்கு வழக்குக்காரர்களைவிடப் பெற்றோர்தான் அதிகம் வருவார்கள். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு தாயும் மகளும் வந்தார்கள். சாட்ஸ்வொர்த்தில் என் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள். ஆங்கிலம், வரலாறு உட்பட நான்கு பாடங்களில் அந்தப் பெண் 80க்கு மேல் வாங்கியிருந்தாள்.

"அக்கா, இவ லாயராகணும்னு சொல்றா. எந்த யுனிவர்சிட்டியில சேர்க்கலாம்?"

"எங்கெல்லாம் அப்ளை பண்ணியிருக்கீங்க?"

"ரிசல்ட்டே நேத்துதானே வந்துச்சு?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் "மொதல்ல பாஸ் பண்ணு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றபோது எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. அந்த வருடம் அவளுக்குச் சட்டப் படிப்பில் எங்கும் இடம் கிடைக்கவில்லை. அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கியும் முந்தைய ஆகஸ்டிலேயே விண்ணப்பித்திருந்த அதே வகுப்புப் பையன் பிப்ரவரியில் முதல் நாள் சட்ட வகுப்புக்குப் போய்விட்டான்.

அன்று முதல் சனிக்கிழமை காலைகளில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, விண்ணப்பம் போடவும் தேர்வுக்குத் தயாராகவும் உதவி வருகிறேன். அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் எல்எல்பி என்ற சட்டப் பட்டப் படிப்பின் இடங்கள் பெரும்பாலும் பதினோராம் வகுப்பு இறுதி மார்க்கை வைத்தே ஒதுக்கப்படுகின்றன. அந்த மார்க்கைப் பார்த்துப் பல்கலைக்கழகம் முதலில் ஒரு நிபந்தனைச் சீட்டு தரும். கண்டிஷனல் ஆஃபர் என்பார்கள். மெட்ரிக்கிலும் இந்த அளவு வாங்கினால் இடம் உனக்கு என்று அதற்குப் பொருள். ஜனவரி ரிசல்ட் அந்தச் சீட்டை உறுதி செய்யும், அல்லது ரத்து செய்யும். விண்ணப்பமே போடாதவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நம் வீடுகளில் பதினோராம் வகுப்பை மெட்ரிக்குக்கு முந்தைய ஒத்திகையாகப் பார்க்கிறோம். சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அதுதான் உண்மையான பரீட்சை.

குவாசுலு-நடாலில் உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. டர்பனில் இருக்கும் மத்திய விண்ணப்ப அலுவலகம், நாம் சிஏஓ என்று சொல்வது, மாகாணத்தின் நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆறு படிப்புகளை விருப்ப வரிசையில் எழுதலாம். இந்த நான்கில் எல்எல்பி இருப்பது குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்திலும் சுலுலாந்து பல்கலைக்கழகத்திலும்தான். முன்னதில் ஹோவர்ட் காலேஜ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என இரண்டு வளாகங்களில் சட்டம் சொல்லித்தருகிறார்கள். பிள்ளைகள் ஹோவர்ட் காலேஜை மட்டும் எழுதிவிட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை விட்டுவிடுகிறார்கள். வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், அவ்வளவுதான். பட்டமும் அதே பட்டம். சட்டம்தான் வேண்டுமென்றால் முதல் வரியிலேயே சட்டத்தை எழுதுங்கள். "கிடைக்கிறதுக்கு வாய்ப்பு அதிகம்" என்று வேறொரு படிப்பை மேலே போட்டுவிட்டு, அது கிடைத்தபின் வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேப்டவுன், ஸ்டெல்லன்போஷ், விட்ஸ் எனப்படும் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட், பிரிட்டோரியா போன்ற பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் தேதிகளும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று நடு ஆண்டிலேயே மூடிவிடும், இன்னொன்று செப்டம்பர் வரை திறந்திருக்கும். ஏப்ரலிலேயே எல்லாத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். கைபேசியில் குறித்து வைத்தால் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். கதவில் ஒட்டினால் ஆயா முதற்கொண்டு எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது தேர்வு. இந்தியாவில் சட்டத்துக்கென்றே கிளாட் தேர்வு இருப்பதுபோல் இங்கே தனித் தேர்வு கிடையாது. நேஷனல் பெஞ்ச்மார்க் டெஸ்ட், சுருக்கமாக என்பிடி, பல படிப்புகளுக்கும் பொதுவானது. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் உள்ள ஒரு மையம் இதை நடத்துகிறது. எல்லாச் சட்டப் பள்ளிகளும் இதைக் கேட்பதில்லை. எது கேட்கிறது என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று மொழி வாசிப்பும் எண் அறிவும் சேர்ந்த மூன்று மணி நேரத் தாள். மற்றது கணிதம். சட்டத்துக்கு வழக்கமாக முதல் தாளே போதும். தரப்பட்ட விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஆங்கிலத்திலோ ஆஃப்ரிகான்ஸிலோ எழுதலாம். கால்குலேட்டர் அனுமதி இல்லை. பாஸ், ஃபெயில் என்ற பேச்சும் இல்லை. அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று நிலைகளில் உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வார்கள்.

பழைய கேள்வித்தாள்கள் கையில் இருக்கின்றன என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களிடம் பணம் கொடுத்துவிட்டு வரும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. இந்தத் தேர்வின் பழைய தாள்கள் வெளியே விடப்படுவதில்லை. மனப்பாடம் செய்யப் பாடத்திட்டமும் கிடையாது. பதினாறு வயதுவரை அந்தப் பிள்ளை எப்படி வாசிக்கப் பழகியிருக்கிறது என்பதைத்தான் தேர்வு அளக்கிறது. ஒரு பத்தியைப் படித்துவிட்டு எழுதியவர் சொன்னது எது, சொல்லாதது எது, எது முக்கியம், எது உதாரணம் மட்டும் என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

இங்கே நம் சமூகத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருப்பதாக நினைக்கிறேன். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழியில் வந்த நாம், கடந்த இரண்டு மூன்று தலைமுறைகளில் வீட்டுமொழியாக ஆங்கிலத்தை ஆக்கிக்கொண்டோம். அந்த ஆங்கிலம் வேகமானது, நெருக்கமானது, பாதி வாக்கியத்திலேயே கேட்பவருக்குப் புரிந்துவிடுவது. பிள்ளைகள் நன்றாக ஆங்கிலம் பேசுவதால் வாசிப்பும் தானாக வந்திருக்கும் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். தேர்வில் வருவது வேறு ஆங்கிலம். 'அன்லெஸ்', 'நாட் நெசசரிலி' போன்ற ஒரு சொல் முழு வாக்கியத்தையும் திருப்பிப் போட்டுவிடும். அதைத் தாண்டி ஓடிவிடும் கண்ணை நிறுத்திப் பழக்குவதற்கு மாதங்கள் ஆகும், வாரங்கள் போதாது.

நான் பழக்குவது நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்துத்தான். சாஃப்லி என்ற இணையதளத்தில் தென்னாப்பிரிக்கத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் கொடுப்பது 2007 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்த்த வழக்கு; குடும்பப் பெயரை வைத்துப் 'பிள்ளை' வழக்கு என்பார்கள். டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்து மாணவி மூக்குத்தி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். பள்ளி விதி அதை அனுமதிக்கவில்லை. சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் நீதிபதி பயஸ் லங்கா எழுதிய முதன்மைத் தீர்ப்பு, அந்த மாணவிக்கு விலக்கு மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்றது.

மூக்குத்தி என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ஆயாவோ அத்தையோ மூக்குத்தியோடு இருக்கிறார். வாசித்து முடித்ததும் கேட்பேன்: "மூக்குத்தி போடுவது இந்து மதத்தில் கட்டாயம் என்று நீதிமன்றம் சொன்னதா?" முக்கால்வாசிக் கைகள் உயரும். சொல்லவில்லை. கட்டாயக் கடமையாக இல்லாமல், தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் மத, பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றுதான் சொன்னது. "சரி, பள்ளிகளில் சீருடை விதியே கூடாது என்றதா?" மறுபடியும் சில கைகள். அதையும் சொல்லவில்லை. விதி இருக்கலாம், உண்மையான நம்பிக்கை உள்ளவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றது. தாங்கள் சொல்ல விரும்பியதையே தீர்ப்பும் சொல்லிவிட்டது என்று அவர்கள் எடுத்துக்கொண்டது அப்போதுதான் அவர்களுக்கே தெரியும். அந்த ஒரு காலை, ஆறு மாதத் தனிப்பயிற்சிக்குச் சமம் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாரத்துக்கு ஒரு தீர்ப்பு முழுதாக வேண்டியதில்லை. பத்து பத்திகள் போதும். படித்ததும் மூன்று வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். மூன்றுக்கு மேல் போனால் முக்கியமானது எது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். தமிழ் தெரிந்த பாட்டி, தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ஒரு வாதத்தை இன்னொரு மொழியில் சொல்ல முடிகிறவருக்கு அது புரிந்திருக்கிறது.

எண் பகுதியைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. அட்டவணை, வரைபடம், விழுக்காடு, விகிதம் இவ்வளவே. ஆனால் கால்குலேட்டர் இல்லாமல் மனத்தில் போட்டுப் பழகாத பிள்ளைகள் அங்கே தடுமாறுகிறார்கள். 1,200 ராண்ட் விலையை 15 விழுக்காடு ஏற்றி, பிறகு 15 விழுக்காடு குறைத்தால் பழைய விலையே வருமா என்று கேட்டுப் பாருங்கள். வரும் என்பார்கள். வருவது 1,173 ராண்ட்.

பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "லாயருக்குக் கணக்கு எதுக்கு?" என்று கணிதத்தை விட்டு மேத்ஸ் லிட்டுக்கு, அதாவது அன்றாடக் கணக்குகளைச் சொல்லித்தரும் எளிய பாடத்துக்கு, மாறுவதற்கு முன் யோசியுங்கள். எல்எல்பிக்குப் பல இடங்களில் மேத்ஸ் லிட் போதும். பி.காம் வழியாகச் சட்டத்துக்கு வர நினைத்தால் கணிதம் வேண்டும். ஒருமுறை விட்டுவிட்டால் திரும்பிப் போவது கடினம்.

மார்க் கணக்கிடும் முறையும் இடத்துக்கு இடம் மாறும். பள்ளி அறிக்கையில் 80 அல்லது அதற்கு மேல் என்றால் 7, 70 முதல் 79 வரை 6 என்று நிலைகள் இருக்கும். நிலைகளைக் கூட்டுகிற பல்கலைக்கழகத்தில் 79க்கும் 70க்கும் ஒரே மதிப்பு. கேப்டவுன் பல்கலைக்கழகமோ லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைக் கல்விப் பாடத்தை விட்டுவிட்டு ஆறு பாடங்களின் விழுக்காட்டையே 600க்குக் கூட்டுகிறது. விட்ஸில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் கூடுதல் புள்ளி உண்டு. ஒரே அறிக்கை ஓர் இடத்தில் தேறும், இன்னோர் இடத்தில் தேறாது. அண்டைவீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டு மனம் உடைந்துபோக வேண்டாம்.

பணத்தைப் பற்றிப் பேச நம் வீடுகளில் தயங்குகிறார்கள். தயங்கவே கூடாத இடம் இது. நவநீதம் பிள்ளை 1941இல் பிறந்தவர், டர்பனின் கிளேர்வுட்டில் ஒரு பஸ் டிரைவரின் மகள். ஊர்க்காரர்கள் காசு சேர்த்துக் கொடுத்ததால் நடால் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1967இல் சொந்தமாக அலுவலகம் திறந்து, பின்னாளில் ஐ.நா.வின் மனித உரிமை உயர் ஆணையரானார். இன்று அந்த இடத்தில் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருட வருமானம் 350,000 ராண்டுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக விண்ணப்பம் வேறு, இது வேறு. ஒன்று போட்டால் மற்றது தானாகப் போகாது. இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த உதவி பொதுவாக முதல் பட்டத்துக்குத்தான். நேராக எல்எல்பி என்றால் நான்கு ஆண்டுகள். பி.ஏ. அல்லது பி.காமில் சட்டப் பாடங்கள் எடுத்துவிட்டுப் பிறகு எல்எல்பி என்றால் மூன்றும் இரண்டுமாக ஐந்து. இரண்டாவது வழி நல்ல வழிதான். ஆனால் கடைசி இரண்டு வருடச் செலவுக்கு எங்கே போவது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் கிடைக்காத ஜனவரிகளில்தான் விளம்பரத் தாள்கள் கைக்கு வரும். "லா டிப்ளமா" என்று ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட்டு, அது எல்எல்பி இல்லை என்று இரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொண்ட ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. கட்டிய பணம் திரும்ப வரவில்லை. தனியார் நிறுவனம் என்பதாலேயே ஒதுக்கத் தேவையில்லை. பதிவும் அங்கீகாரமும் பெற்ற தனியார் நிறுவனத்தின் எல்எல்பி செல்லும் என்று 2019 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தப் பதிவும் அங்கீகாரமும் உண்மையா என்று பணம் கட்டுவதற்கு முன் உயர்கல்வித் துறையிலும் உயர்கல்விக் கவுன்சிலிலும் சரிபாருங்கள்.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: இங்கிலாந்தின் சில பல்கலைக்கழகங்கள் எல்நாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வைக் கேட்கும். 95 நிமிடங்களில் 42 கேள்விகள், 40 நிமிடங்களில் ஒரு கட்டுரை. அதுவும் வாசிப்புத் தேர்வுதான். அமெரிக்காவில் ஒரு பட்டம் முடித்த பிறகே சட்டப் பள்ளி.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த ஒரு வருடம் உறவினர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமைகளில் வந்தாள். ஏப்ரலில் அவள் அம்மாவே சிஏஓ விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்: "அக்கா, மொதல் வரியில சட்டம்தானே எழுதணும்?"

இந்த ஆண்டும் சனிக்கிழமைகளில் இருப்பேன். அடையாள அட்டையின் மூலப் பிரதியும் பதினோராம் வகுப்பு அறிக்கையும் கொண்டு வாருங்கள். நகல்களைச் சான்றொப்பமிட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். வர முடியாதவர்கள் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் அங்கும் இலவசமாக முத்திரை போட்டுத் தருவார்கள். பல இடங்களில் மூன்று மாதத்துக்குள் வாங்கிய முத்திரையைத்தான் ஏற்கிறார்கள், அதனால் போன வருடத்து நகலை அனுப்பிவிடாதீர்கள்.