தாலிக்கொடி களவு போனால் ஆணையாளர் என்ன செய்வார்?

லண்டனுக்கு வெளியே ஒரு நகரத்தில், குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் சேவையொன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தமிழ் தெரிந்தவள் என்பதால் நம்மவர்களின் கோப்புகள் பெரும்பாலும் என் மேசைக்கே வந்து சேரும். சில வருடங்களுக்கு முன் ஓர் அக்கா வந்தார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வேலைக்குப் போகும்போது தாலிக்கொடியைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது பின்கதவு உடைந்திருந்தது. தாலிக்கொடியும் பிள்ளைகளின் சங்கிலிகளும் போயிருந்தன. மூன்று கிழமை கழித்து, விசாரணை முடிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

என்னிடம் வருவதற்கு முன்பே மகனைக் கொண்டு எங்கள் பகுதியின் பொலிஸ் ஆணையாளருக்கு ஒரு கடிதம் எழுதுவித்திருந்தார். "உங்கள் ஆட்களை அனுப்பி நகைகளை மீட்டுத் தாருங்கள்" என்பதுதான் அதன் சாரம். தனிப்பட்ட விசாரணைகளில் ஆணையாளர் தலையிட முடியாது என்று பணிவாகப் பதில் வந்திருந்தது. அக்கா அந்தத் தாளை மேசையில் போட்டுவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, சனம் வோட்டுப் போட்டு வந்த ஆளாம். ஒரு பொலிஸ்காரனை அனுப்ப முடியாதென்றால் பிறகு எதற்கு ஆணையாளர்?"

நியாயமான கேள்விதான். அரைவாசிக் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. சென்னையில் போலீஸ் கமிஷனர் என்றால் காக்கிச் சீருடை அணிந்த உயர் அதிகாரி. லண்டன் மெட்ரோபொலிட்டன் பொலிஸின் தலைமை அதிகாரிக்கும் கமிஷனர் என்றுதான் பெயர், அவரும் சீருடைக்காரர். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 முதல் தேர்ந்தெடுக்கப்படும் 'பொலிஸ், குற்றத் தடுப்பு ஆணையாளர்' பொலிஸ்காரர் அல்லர். அவர் ஓர் அரசியல்வாதி. யாரையும் கைது செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருப்பவர்களுக்கு இப்படி ஒருவரே கிடையாது. அங்கே அந்தப் பொறுப்பு லண்டன் மேயருடையது. மில்டன் கீன்ஸ், லெஸ்டர், கோவென்ட்ரி போன்ற இடங்களில் இருப்பவர்களுக்குத்தான் ஆணையாளர்.

2012க்கு முன்பு பொலிஸைக் கண்காணித்தவை 'பொலிஸ் அதிகார சபை' என்ற குழுக்கள். கவுன்சிலர்களும் நியமன உறுப்பினர்களும் கூடிப் பேசுவார்கள், ஊரில் ஒருவருக்கும் அவர்கள் பெயர் தெரியாது. முகம் தெரிந்த, வாக்கால் வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஒருவர் வேண்டும் என்று 2011இல் சட்டம் கொண்டுவந்தார்கள். முதல் தேர்தல் 2012 நவம்பர் 15 அன்று நடந்தது. குளிர், இருட்டு, பெரும்பாலான இடங்களில் வேறு தேர்தல் எதுவும் இல்லாத நாள். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். வேல்ஸின் நியூபோர்ட் நகரில் ஒரு வாக்குச்சாவடிக்கு நாள் முழுவதும் ஒருவர்கூட வரவில்லை. முகம் தெரிய வேண்டும் என்ற திட்டத்துக்கு இதைவிடப் பரிதாபமான தொடக்கம் இருக்க முடியாது.

ஆனாலும் அந்தக் கதிரையில் இருப்பவரிடம் உள்ள அதிகாரம் சிறியதல்ல. பொலிஸின் வரவு செலவுத் திட்டம் அவர் கையில். மார்ச் மாதம் வரும் கவுன்சில் வரிக் கடிதத்தில் பொலிஸுக்கென்று தனியாக ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகையை முன்மொழிபவர் அவர்தான். அந்தப் பகுதிப் பொலிஸின் தலைமை அதிகாரியான சீஃப் கான்ஸ்டபிளை நியமிப்பதும், இடைநிறுத்துவதும், பதவி விலகச் சொல்வதும் அவரே. எந்தக் குற்றங்களுக்கு முன்னுரிமை என்று திட்டம் எழுதி வெளியிட வேண்டியவரும் அவர். ஆசிய வீடுகளைக் குறிவைத்து நடக்கும் தங்க நகைக் களவு அந்தத் திட்டத்தில் ஒரு வரியாக இடம்பெறுகிறதா இல்லையா என்பதில் விஷயம் இருக்கிறது. அதற்கான கருத்துக் கேட்பில் நம்மவர்கள் எழுதிய பதில்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

அளவுக்கு மீறி வரியைக் கூட்ட வேண்டுமென்றால் மக்களிடமே கேட்க வேண்டும். பெட்ஃபோர்ட்ஷயர் ஆணையாளர் 2015இல் பொலிஸ் வரியை 15.8 சதவீதம் உயர்த்தப் பொது வாக்கெடுப்பு வைத்தார். பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். யாரை விசாரிப்பது, யாரைப் பிடிப்பது, எந்தக் கோப்பை மூடுவது என்பதெல்லாம் சீஃப் கான்ஸ்டபிளின் வட்டம். ஆணையாளர் அதற்குள் கால் வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. எம்.பி. ஒருவரின் தொலைபேசி அழைப்பு ஒரு பொலிஸ் நிலையத்தில் என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் இது நமக்குக் கையாலாகாத்தனமாகத் தெரிகிறது. "உங்களுக்காக அழைப்பு எடுக்கக்கூடியவர், உங்கள் வீட்டில் களவெடுத்தவனுக்காகவும் எடுப்பார் அக்கா" என்றேன். அவருக்கு அது விளங்கியது. கோபம் மட்டும் ஆறவில்லை.

குறை இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். 2014 ஓகஸ்டில் வட இங்கிலாந்தின் ரொதரம் நகரம் பற்றி, சுயாதீன விசாரணை நடத்திய அலெக்சிஸ் ஜே எழுதிய அறிக்கை வந்தது. 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,400 சிறுவர்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகியிருந்தார்கள் என்று அது கணக்கிட்டது. அந்தக் காலத்தில் ஐந்து ஆண்டுகள் அந்நகரக் கவுன்சிலில் சிறுவர் சேவைகளுக்குப் பொறுப்பாக இருந்த ஷோன் ரைட் அப்போது தெற்கு யோக்‌ஷயரின் ஆணையாளர். உள்துறை அமைச்சர் விலகச் சொன்னார். அவருடைய கட்சியும் சொன்னது. விலக மாட்டேன் என்று மூன்று கிழமை உட்கார்ந்திருந்தார். அவரை நீக்கும் அதிகாரம் சட்டப்படி யாருக்கும் இல்லை! ஆணையாளரைக் கேள்வி கேட்கக் கவுன்சிலர்கள் அடங்கிய ஒரு குழு இருக்கிறது. வரியையும் சீஃப் கான்ஸ்டபிள் நியமனத்தையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அது ஒருமுறை தடுக்கலாம். ஆளை அனுப்ப அதனால் முடியாது. கடைசியில் ரைட் தானாகவே விலகினார்.

அவருக்குப் பின் வந்த அலன் பில்லிங்ஸ் மறுபக்கத்தில் தடுக்கி விழுந்தார். 1989இல் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலால் இறந்த 96 பேர் பற்றிய மரண விசாரணைத் தீர்ப்பு 2016 ஏப்ரலில் வந்ததும், பொலிஸ் மீது மக்கள் வைத்த நம்பிக்கை குலைந்துவிட்டதைக் காரணம் காட்டிச் சீஃப் கான்ஸ்டபிளை இடைநிறுத்தினார், பிறகு விலகவும் சொன்னார். அந்த முடிவுகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, அக்காவுக்கு என்ன வழி? களவைக் கண்டுபிடிக்கவில்லை என்று முறைப்பாடு செய்வதில் பெரிய பயன் இல்லை. ஆனால் அவர் மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தார், கொடுக்கவில்லை. ஏன் விசாரணையை முடித்தார்கள் என்று அவருக்குப் புரியும் விதத்தில் யாரும் சொல்லவில்லை. மற்றவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் தான் சொல்வதைப் புரியவைக்கவும் உரிமை உண்டு என்பதுதான் பாதிக்கப்பட்டோருக்கான விதிக்கோவையின் முதலாவது உரிமை. அதைப் பிடித்துக்கொண்டு முறைப்பாடு எழுதினோம். முதலில் பொலிஸுக்கே எழுத வேண்டும். அவர்கள் விசாரித்து, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது என்று பதில் அனுப்பினார்கள்.

பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பதிலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். முடிவில் திருப்தி இல்லையென்றால் யாரிடம் மீளாய்வு கேட்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். பாரதூரமான விடயங்கள் பொலிஸ் நடத்தைக்கான சுயாதீன அலுவலகத்துக்குப் போகும். மற்றவை 2020 பெப்ரவரி முதல் ஆணையாளரின் அலுவலகத்துக்கு வருகின்றன. அவகாசம் 28 நாட்கள். ஒரு மாதம் என்று நினைத்து 30ஆம் நாள் அனுப்பி இழந்தவர்கள் இருக்கிறார்கள். மீளாய்வில் வழக்கைப் புதிதாக விசாரிக்க மாட்டார்கள். உங்கள் முறைப்பாட்டைக் கையாண்ட விதமும் அதன் முடிவும் நியாயமானவையா என்று மட்டுமே பார்ப்பார்கள். அதனால் களவுக் கதையை மறுபடி முதலிலிருந்து எழுதாதீர்கள். பொலிஸின் பதிலில் எந்தக் கேள்விக்கு விடை இல்லை என்று எழுதுங்கள். அக்காவின் மீளாய்வு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மன்னிப்புக் கடிதமும், மொழிபெயர்ப்பாளருடன் ஒரு சந்திப்பும் கிடைத்தன. தாலிக்கொடி கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைப் போன்றவர்களின் சேவைக்குப் பணம் ஒதுக்குவதும் ஆணையாளர்தான். இது இலவசம். பொலிஸில் முறைப்பாடு கொடுக்காதவர்களும் வரலாம். வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்களுக்கு இதை யாராவது சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இந்தப் பதவிக்கு ஆயுள் குறைவு. 2028 மே மாதம் பதவிக்காலம் முடியும்போது ஆணையாளர் முறையையே ஒழிக்கப் போவதாக அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. இங்கிலாந்தில் மேயர் உள்ள இடங்களில் பொறுப்பு மேயருக்குப் போகும், மற்ற இடங்களில் உள்ளூர்க் கவுன்சில் தலைவர்கள் அடங்கிய சபைகளுக்கு. இங்கே சட்டப்படி வசிக்கும் இலங்கை, இந்தியக் குடிமக்கள் அந்த மேயரையும் கவுன்சிலர்களையும் தேர்ந்தெடுக்க வாக்களிக்கலாம். பிரித்தானியக் கடவுச்சீட்டு தேவையில்லை. வாக்குச்சாவடியில் இலங்கைக் கடவுச்சீட்டையே அடையாளமாகக் காட்டலாம். பத்து வருடமாக இங்கே இருந்தும் இதை அறியாதவர்களைக் கிழமைக்கு ஒருவராவது சந்திக்கிறேன்.

அதுவரை ஆணையாளரின் அலுவலகம் திறந்துதான் இருக்கும். பொலிஸின் பதில் கையில் கிடைத்த அன்றே, அதிலுள்ள திகதிக்கு மறுநாளிலிருந்து 28 நாட்களை எண்ணி, கடைசி நாளை அதன் மேல் எழுதி வையுங்கள்.