உருகுவேயின் செய்பால் திட்டம்: லேப்டாப்போடு இணைப்பும் சேர்த்து

அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் போதும், லேப்டாப் உண்டு. ஏழையா வசதியானவரா என்று பார்ப்பதில்லை. தென் அமெரிக்காவின் சின்ன நாடான உருகுவேயில் 2007இல் அதிபர் தபரே வாஸ்கெஸ் தொடங்கிய செய்பால் திட்டத்தின் அடிப்படை விதி இதுதான். அந்த ஆண்டு மே மாதம் வில்லா கார்தால் என்ற சிற்றூரின் பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் வாங்கினார்கள். 2009 அக்டோபருக்குள் நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கொடுத்து முடித்துவிட்டார்கள். மொத்தம் சுமார் 3,80,000. வேறெந்த நாடும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை.

கொடுத்தது எக்ஸ்ஓ என்ற பச்சை வெள்ளை மெஷின். 256 எம்பி ராம், 1 ஜிபி சேமிப்பு. ஹார்ட் டிஸ்க் கிடையாது. வெயிலில் உட்கார்ந்தும் திரையைப் படிக்கலாம். மேலே முயல் காது மாதிரி நிமிர்ந்து நிற்கும் இரண்டும் வைஃபை ஆன்டெனா. இணைப்பு இல்லாவிட்டால் இதில் பாதிப் பயன் போய்விடும். அதனால்தான் பள்ளிகளுக்கு இணையம் கொடுத்ததோடு நிற்காமல், பிள்ளையின் வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் ஒரு வைஃபை இடம் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். திருட்டுப் போனால்? குறிப்பிட்ட காலத்துக்குள் சர்வரோடு தொடர்பு கொள்ளாத மெஷின் தானே பூட்டிக்கொள்ளும்.

அப்புறம் செலவு. "100 டாலர் லேப்டாப்" என்றுதான் உலகம் முழுக்க இதைப் பேசினார்கள். அந்த விலைக்கு அது வந்ததே இல்லை. உருகுவே அரசு மெஷின், பழுது பார்ப்பு, ஆசிரியர் பயிற்சி, இணையம் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 260 டாலர் என்று கணக்குக் காட்டியது. இலவச லேப்டாப் கொடுக்க நினைக்கும் எந்த அரசும் இப்படித்தான் கணக்குப் போட வேண்டும் என்பேன். பிள்ளைகள் கையில் மெஷின் உடையத்தான் செய்யும். உருகுவேயிலும் உடைந்தது, பழுது பார்க்கும் குழுக்கள் பள்ளிகளுக்கே போக வேண்டியிருந்தது.

மதிப்பெண் கூடியதா என்று கேட்டால், கணக்கிலும் வாசிப்பிலும் முன்னேற்றம் தெரியவில்லை என்று பின்னால் வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் வீட்டில் கணினியே பார்த்திராத பிள்ளைக்கும் ஒன்று கிடைத்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

2015இல் குறைந்த ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களுக்கும் இபிராபிதா என்ற பெயரில் தனித் திட்டம் வந்தது. அவர்களுக்கு டேப்லெட், அதைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் வகுப்பும் சேர்த்து.